எச்சரிக்கை: மறை

பெரிய எழுத்து எனக்குப் பிடிக்காது, ஐயா. பதினொரு புள்ளி போதும், கண்ணை உறுத்தாது. விருத்தாசலத்தில் புத்தகம் வடிவமைக்கும் கடை வைத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. நான் அனுப்பிய பக்கம் கோணலாக இருந்ததென்று ஒருவரும் சொன்னதில்லை.

மற்ற கடைகளில் ஒவ்வொரு பக்கத்தையும் மவுஸால் இழுத்துக்கொண்டு கிடப்பார்கள். நான் வெறும் எழுத்தாகத் தட்டச்சு செய்வேன். கோப்பின் தலையில் நாலைந்து வரி எழுதிவிட்டால் ஆயிற்று: தாள் அளவு இது, எழுத்து இது, ஓரம் இவ்வளவு. அங்கே ஒரு சொல்லை மாற்றினால் புத்தகம் முழுக்க மாறிவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

தொழிற்பேட்டையில் பியூஸ் கட்டை செய்யும் பீங்கான் ஆலை ஒன்றுக்குச் சூளைக் கையேடு போட்டுக் கொடுத்தேன். மேலாளர் கார்முகில், "சேரன், முப்பத்திரண்டு பக்கத்துக்குள்ள அடக்கிடுங்க. திங்கக்கெழம ஆளுங்க கையில இருக்கணும்" என்றார். முப்பத்தைந்து வந்தது. எழுத்தைச் சிறிதாக்க மனம் வரவில்லை. தலையில் "எச்சரிக்கை: காட்டு" என்று ஒரு வரி இருந்தது. கட்டம் கட்டிய எச்சரிக்கைகளுக்கெல்லாம் அதுதான் ஆணை. "மறை" என்று மாற்றினேன். முப்பத்தொன்றானது.

என்னென்ன மறைந்தது என்று எனக்குத் தெரியும். தட்டச்சு செய்தவனே நான்தான். வாயால் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கார்முகிலிடம் சொல்லவில்லை. பக்கம் அடங்கியதில் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதைச் சொல்லத்தான் இப்போது நாக்கு கூசுகிறது.

பதினான்காம் பக்கத்தில், பர்னர் அணைந்தால் வாயுவைத் திறந்து மறுபடி பற்றவைக்கச் சொல்லியிருக்கும். முதலில் பத்து நிமிடம் ப்ளோயர் விசிறியை ஓட்டி, சூளைக்குள் தேங்கிய வாயுவை வெளியேற்ற வேண்டும் என்பது அதன் கீழே கட்டத்துக்குள் இருந்தது. கருவேப்பிலங்குறிச்சிக் கொளஞ்சி வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான். பர்னர் அணைந்தபோது புத்தகத்தில் இருந்தபடியே செய்தார். வெடித்ததில் சூளைக் கதவோடு சேர்ந்து அவரும் எதிர்ச் சுவரில் போய் விழுந்தார். ஆஸ்பத்திரி வரைகூட உயிர் இருக்கவில்லை.

நீங்கள் விசாரணைக்கு வருவதற்குள் அந்தச் சொல்லைத் திரும்ப "காட்டு" என்று மாற்றினேன். என் பிரிண்டரிலேயே அச்சடித்துத் தைத்து, முந்தியதில் பிழை இருக்கிறது என்று சொல்லி ஆலையிலிருந்த பிரதிகளை வாங்கிக்கொண்டு இவற்றைக் கொடுத்தேன். நீங்கள் பார்த்தது இவற்றைத்தான். தொழிலாளியின் கவனக்குறைவு என்று அறிக்கையில் எழுதினீர்கள். முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைந்தே போயிற்று.

கொளஞ்சியின் வீட்டில் ஒரு பிரதி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் மனைவி பாஞ்சாலை அதை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்கண்ணா. புக்குல எழுதியிருக்குது, அவருதான் பாக்கலன்னு சொல்றாங்க. வேல முடிஞ்சி வூட்டுக்கு வந்தா கோடு போட்டுப் போட்டுப் படிப்பாருங்க. எங்க எழுதியிருக்குதுன்னு காட்டுங்க."

பதினான்காம் பக்கத்தில் ஒரு வரி விடாமல் பென்சில் கோடு. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாரும் இல்லை. "பாத்துட்டு வரேன், உக்காரும்மா" என்று புத்தகத்தோடு உள்ளே போனேன். புதிய பிரதி ஒன்றை எடுத்து, கொளஞ்சி போட்டிருந்த கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அதில் போட்டேன். அரை மணி நேரம் பிடித்தது. அந்த அம்மா தண்ணீர்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்து எச்சரிக்கை இருக்கும் இடத்தைக் காட்டி, நிறுத்தி நிதானமாகப் படித்தேன். பாஞ்சாலை பென்சில் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"படிச்சிட்டுமா இப்படிப் பண்ணிட்டாரு" என்றார். புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, "உங்க மேல சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சிடுங்கண்ணா."

பரவாயில்லை என்றேன். அவர் கொண்டுவந்த பழைய பிரதியை இதோ உங்கள் மேசையில் வைக்கிறேன். பாஞ்சாலையிடம் இப்போது இருக்கும் புத்தகத்தில், எச்சரிக்கைக்கு அடியிலும் ஒரு கோடு ஓடுகிறது. அது கொளஞ்சி போட்டதல்ல. நானாகச் சேர்த்தது.