தொப்பியும் பெல்ட்டும் இல்லாதவன்

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஒரு காலை வேளை. மாட்டுங்காவில் நான் ஏறிய லோக்கலில், எதிர் சீட்டில் இரண்டு பேர். பெரியவர் பட்டாளத்தில் வக்கீலாக இருந்துவிட்டு, இப்போது காலேஜில் ராணுவச் சட்டம் சொல்லிக்கொடுக்கிறவர் என்பது பேச்சில் தெரிந்தது. கூட இருந்தவர் அவருடைய மைத்துனர்.

"அத்திம்பேர், காலேஜ் வேலையை விடப்போறேளாமே? அக்கா அழறா."

"கடைசி பெஞ்சில ஒருத்தன் காக்கியில உக்காந்திருக்கான். தொப்பி இல்லை, பெல்ட் இல்லை."

"பழைய சிப்பாய் யாராவது படிக்க வந்திருப்பான்."

"கோர்ட் மார்ஷல்ல குத்தவாளியைத்தான் அப்படிக் கூட்டிண்டு வருவா, ரெண்டையும் கழட்டிட்டு. பர்மாவில ஒருத்தன் காவல் நிக்கறப்போ தூங்கிட்டான். சுடலாம், சட்டம் இடம் கொடுக்கறதுன்னு நான்தான் சொன்னேன். மறுநாளே சுட்டுட்டா."

மைத்துனர் வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தாதர் வந்து, கூட்டம் ஏறி, வண்டி மறுபடி நகர்ந்தது.

"அவன்தான்னு எப்படிச் சொல்றேள்?"

"மத்தியான கிளாஸ். பாதிப் பசங்க தூங்கி விழறான்கள். அவன் மட்டும் கண்ணை இமைக்கறதே இல்லை."