ஹோலில் வளர்ந்த குஞ்சுகள்

"வீட்டு நிலத்துக்கு ரைல்ஸ் போட்டதுதான் பிழையாப் போச்சு, தம்பி."

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீற்றிலிருந்த வயதானவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அவர் மடியில் ஒரு மட்டைப்பெட்டி. அதற்குள் இரண்டு கினிக்கோழிக் குஞ்சுகள், கால்கள் இருபக்கமும் விரிந்தபடி கிடந்தன.

"ஏன் அண்ணை, ஏதும் வருத்தமே?"

"நானும் வருத்தமெண்டுதான் மிருக வைத்தியரிட்டக் கொண்டுபோனனான். எங்க வைச்சு வளர்த்தனீங்கள் எண்டு கேட்டார். வீட்டு முன் ஹோலுக்கை எண்டன். பொரிச்ச நாள் தொடக்கம் அந்த மினுக்கு நிலத்தில வழுக்கி வழுக்கித்தான் கால் விலகினதாம்."

"ஒரு சாக்கை விரிச்சு விட்டிருக்கலாமே?"

"ஆருக்குத் தெரியும்? வெளியில கீரியும் காகமும். உள்ளுக்கை விட்டாப் பத்திரமெண்டு நினைச்சன்."

"இனி நடக்க மாட்டுதுகளோ?"

"ஏலாதாம். துவக்கத்திலயே கால் ரெண்டையும் துணியால சேர்த்துக் கட்டியிருந்தா நிமிர்ந்திருக்குமாம். இப்ப பிந்திப்போச்சு."

பஸ் மண்கும்பானைத் தாண்டியது. ஒரு குஞ்சு எழும்பப் பார்த்துச் சரிந்தது. அவர் அதைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்ர மகள் லண்டனில இருந்து காசனுப்பிப் போடுவிச்ச ரைல்ஸ். தன்ர பிள்ளை இங்க வந்து அதில நடை பழகோணும் எண்டு அவளுக்குச் சரியான ஆசை."

"வந்தவையே?"

"இல்லை. பிள்ளை இப்ப பள்ளிக்கூடம் போகுது."

பெட்டியின் மூடியை மெல்லச் சாத்தினார்.

"அதில நடை பழகினது இதுகள்தான்."