சுத்தமான பதிவு

காற்று வீசும் இடத்தில் மைக் கம்பத்துக்குப் பாரம் மாட்டாமல் யாரும் பதிவு செய்ய மாட்டார்கள். கம்பம் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. உச்சியில் இரண்டு மைக், கீழே மூன்று மெல்லிய கால்கள், நடுவில் ஒரு கொக்கி. சிலர் மணல் மூட்டை கொண்டுவருவார்கள், சிலர் தண்ணீர்க் கேன். நான் கையில் எது கனமாக இருக்கிறதோ அதை மாட்டுவேன். ஆகவே போலீஸ் அதிகாரி டெம்சி மேடம், அந்தப் பை ஏன் அங்கே தொங்கியது என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். அன்றைக்கு ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்தது. எங்களிடம் இருந்ததிலேயே கனமானது கிளைடின் பை.

மாட்டியதும் அவன்தான். கிளைடு என் தங்கை டோரீனின் புருஷன். சர்க்கரை வியாதிக்காரன், போன வருஷம் இதய அடைப்புக்குக் குழாய் வைத்தவன். பையில் ஐஸ் கட்டியும் ஆரஞ்சு ஜூஸ் பாட்டில்களும் மிட்டாயும் இருந்தன. கொக்கியில் மாட்டிவிட்டு, "பாத்துக்கோ மச்சான், என் உசுரையே உன் கம்பத்துல தொங்கவிட்டிருக்கேன்" என்றான். அவன் எதையும் அப்படித்தான் சொல்வான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் கூரை வேலைக்காரன். வெர்மான்ட்டில் இந்த மலைச் சுற்று ஊர்களில் பாதி வீட்டுக் கூரை என் கைபட்டதாக இருக்கும். கூரை ஒழுகாத வரை அதைப் போட்டவனை யாரும் நினைப்பதில்லை. எனக்கு அது பழகிவிட்டது. நான் செய்தவற்றில் ஜனங்கள் தேடி வந்து வாங்கிக்கொண்டது என் பதிவுகளைத்தான். காசுக்கு இல்லை. காசு வாங்கக் கூடாது, அது எங்களுக்குள் சட்டம்.

ஸ்லோ ஃபெர்ரி இசைக்குழு ஒரு பாட்டை ஆரம்பித்தால் எங்கே போய் எப்படித் திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. இன்றைக்கு வாசித்தது நாளைக்கு வராது. அதனால்தான் ஊர் ஊராகப் பின்னாலேயே போகிறோம். அதனால்தான் என்னைப் போன்றவர்கள் பதிவு செய்ய அரங்கத்தின் நடுவில் தனி இடம் ஒதுக்கித் தருகிறார்கள். அங்கே உட்காருகிறவர்களுக்கு ஒரே கட்டுப்பாடு, மைக்குக்குக் கீழே பேசக் கூடாது.

கிளைடு பேசுவான். பேசுவது மட்டுமில்லை, பாட்டு ஏறும்போது தலையைத் தூக்கி ஊளையிடுவான். அவன் இல்லாமல் நான் ஒரு கச்சேரிக்கும் போனதில்லை, அவன் குரல் இல்லாமல் என்னிடம் ஒரு டேப்பும் இல்லை. எனக்கு நாற்பது வயது வரை எழுத்துத் தெரியாது. கிளைடுதான் வண்டி ஓட்டிப் பாதைப் பலகைகளைப் படித்தான், டேப் மேல் பாட்டின் பெயர்களை எழுதினான். என் பதிவுகளைப் பற்றி ஜனங்கள் எழுதுவதையும் அவனே வாசித்துக் காட்டினான். எல்லாம் புகழ்ச்சியாகவே இருந்தது. பிறகு சர்ச்சின் கீழ்த்தளத்தில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டு நானே படித்துப் பார்த்தேன். 'நல்ல பதிவு, அந்த நாய் மட்டும் குரைக்காமல் இருந்தால்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாக நாயைப் பற்றியே எழுதியிருந்தார்கள். கிளைடு அவற்றையெல்லாம் விட்டுவிட்டுத்தான் எனக்கு வாசித்திருக்கிறான். நான் அவனிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கோபமும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அன்றைக்குக் கிளம்பும்போது டோரீன் வண்டி ஜன்னலில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, சர்க்கரை எறங்கிச்சுன்னா இவருக்கு மொதல்ல வேர்க்கும், அப்பறம் பேச்சு கொழறும். கொழற ஆரம்பிச்சா காத்திருக்காதே, உடனே ஜூஸைக் குடு."

"இவன் பேசுறது எப்பவுமே கொழகொழன்னுதான் இருக்கும், எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றேன்.

"வெளையாடாதண்ணே. நெஞ்சு வேற முன்ன மாதிரி இல்ல."

ஆமாம், எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் முதலில் உங்களிடம் சொன்னது சரியில்லை.

கச்சேரி, பனிக்காலத்தில் சறுக்கி விளையாடும் மலைச்சரிவில். வண்டி நிறுத்துமிடத்தில் கிளைடு அடுப்பைப் பற்றவைத்து ரொட்டிக்குள் சீஸ் வைத்துச் சுட்டு, வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் ஜிகினா ஒட்டிய ஒரு பெண் ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். டிக்கெட் இல்லாதவர்கள் அப்படித்தான் நிற்பார்கள், யாராவது இனாமாகத் தருவார்கள் என்று. அவள்தான் ஜூனிப்பர்.

"ஏம்மா, வெரலைத் தூக்கிட்டே நிக்கிறியே, வலிக்கல?" என்றான் கிளைடு.

"வெரல் வலிக்கல அங்கிள். காலுதான் கழண்டு போச்சு."

"அங்கிளா? அதெல்லாம் இவனைப் பாத்துச் சொல்லு. நான் சின்னப் பையன்." வராமல் போன ஒரு நண்பனின் டிக்கெட்டை எடுத்து அவள் கையில் வைத்தான். அவள் அழுதேவிட்டாள்.

"பாட்டு நல்லாருந்தா கத்து, அது போதும்" என்றான்.

"எங்க பக்கத்துல ஒக்காந்து கத்தாதே" என்றேன் நான்.

"பாத்தியா எங்க மச்சானை? பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கினதில்ல, மெரட்டல் மட்டும் ஹெட்மாஸ்டர் மாதிரி."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் எங்கள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள்.

முதல் பாதியில் கிளைடு பலமுறை ஊளையிட்டான். ஒவ்வொரு முறையும், பதிவைக் கேட்க நான் மாட்டியிருந்த ஹெட்போனில் அது கம்பிபோல இறங்கியது. இடைவேளையில் சாப்பாட்டு வரிசையில் நின்றபடியே சட்டையைத் தூக்கி வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டான். அவனுக்கு முன்னால் நாலைந்து பேர்தான் இருந்திருக்கிறார்கள். அதற்குள் மேடை விளக்கு அணைந்துவிட்டது. விளக்கு அணைந்த பிறகு எங்கள் ஆட்கள் யாரும் சாப்பாட்டுக்கு நிற்க மாட்டார்கள். ஓடி வந்துவிட்டான்.

"ஊசி உள்ள போயிடுச்சு, பர்கர் வெளியவே நின்னுடுச்சு" என்றான் மூச்சு வாங்க. "பரவால்ல, பையில ஜூஸ் இருக்கு. ஒரு பாட்டு முடியட்டும், குடிச்சிக்கிறேன்."

ஒரு பாட்டு முடியட்டும் என்று சொன்னது அவன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கிதார்க்காரர் நாலே நாலு சுரம் வாசித்தார். மலைச்சரிவு முழுதும் மூச்சை உள்ளே இழுத்தது. 'ஆட்டுப் பாலம்'. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவர்கள் தொடாத பாட்டு. இளசுகள் அதைப் பழைய கீறல் பதிவுகளில்தான் கேட்டிருப்பார்கள். இனி அது இருக்கப்போவது அன்றைக்கு அந்த இடத்தில் கம்பம் நட்டவர்களிடம்தான். காற்றைப் பார்த்து மற்றவர்கள் கம்பத்தைத் தாழ்த்திவிட்டிருந்தார்கள். உயரத்தில் நின்றது என்னுடையது மட்டும்.

முதல் சரணம் முடிந்து பாட்டு விரிய ஆரம்பித்தபோது கிளைடு பையின் பக்கம் கை நீட்டினான். கம்பம் ஆடியது. காதில் இடிபோல ஒரு சத்தம் விழுந்தது. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து, உதட்டில் விரல் வைத்தேன். அவன் என்னைப் பார்த்தான், மேடையைப் பார்த்தான், புரிந்துகொண்டு தலையாட்டினான். சத்தமில்லாமல் சிரித்தான். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அத்தனை வருஷத்தில் அவன் என் பேச்சைக் கேட்டு அடங்கியது அந்த ஒரு தடவைதான்.

பாட்டு முடியவில்லை. முடிகிற மாதிரி வந்து இன்னொரு பக்கம் திரும்பியது. டிரம் அடங்கி, கிதார் தனியாக, யாரோ இருட்டில் கதவைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு மெல்லிய வாசிப்பில் பக்கத்தில் ஒருவன் எச்சில் விழுங்கினாலும் பதிவாகும். கிளைடின் கழுத்து வியர்வையில் மினுங்கியது. அந்தக் குளிரில் வேறு யாருக்கும் வியர்க்கவில்லை. கை நடுங்கியது. மறுபடி பையை நோக்கி நீண்டது. நான் அவன் கையை எடுத்து என் முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அதில் பெரிய பலம் இல்லை.

பதிவுக் கருவி தானாக ஓடுமே, எழுந்து போய்ப் பக்கத்துக் கடையில் ஒரு சோடாவாவது வாங்கியிருக்கலாமே என்று கேட்டீர்கள். வாங்கியிருக்கலாம். ஆனால் ஒலி அளவைக் காட்டும் முள்ளை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குழு திடீரென்று உச்சத்துக்கு ஏறினால் பதிவு கிழிந்துவிடும்.

ஜூனிப்பர் குனிந்து, "அங்கிளுக்கு என்னாச்சு? ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். பேசாதே என்று அப்போதும் சைகைதான் காட்டினேன். பிறகு இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடிச் சிரித்துக் காட்டினேன். எங்கள் கூட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம். ஏதோ மாத்திரை போட்டிருக்கிறான், சுகமாக எங்கேயோ போயிருக்கிறான், எழுப்பாதே. சுற்றிலும் அப்படிப் பத்துப் பேர் புல்லில் கிடந்தார்கள். அவள் நம்பித் தன் சால்வையை எடுத்து அவன்மேல் போர்த்தினாள். நல்ல பெண்.

அதற்குப் பிறகுதான் அவன் கூப்பிட ஆரம்பித்தான். நான் அவன் வாயில் உள்ளங்கையை வைத்தேன். அழுத்தவில்லை. மூக்கை விட்டுவிட்டுத்தான் வைத்தேன். கைக்கு அடியில் அவன் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன, பிறகு நின்றன. அந்த நேரத்தில்தான் டிரம் திரும்ப வந்தது. கிதார் பழைய நாலு சுரத்தைக் கண்டுபிடித்தது. மலையே எழுந்து நின்றது. என் கண்ணில் தண்ணீர் வந்தது. அவனும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான் என்று நினைக்கிறேன்.

கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தேன். கைதட்டலும் பாட்டைச் சேர்ந்தது. பிறகு பையைக் கழற்றி ஜூஸைத் திறந்து வாயில் ஊற்றினேன். அது தாடை வழியாகச் சால்வையில் வழிந்தது. ஜூனிப்பர் கத்தினாள். ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள், நெஞ்சை அமுக்கினார்கள். வண்டியில் ஏற்றும்போதே உயிர் இல்லை என்று சொன்னார்கள்.

டோரீன் கேட்டது ஒன்றுதான். "எதுனா சொன்னாராண்ணே?"

"இல்லம்மா. பாட்டைக் கேட்டுக்கிட்டே தூங்கிட்டான்."

அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. என் தோளில் சாய்ந்து அழுதாள்.

பதிவைக் கிளைடின் நினைவாக என்று எழுதித்தான் எல்லோருக்கும் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பதிவு வந்ததில்லை என்று எழுதினார்கள். ஒருவர் மட்டும், 'நாய் எங்கே?' என்று கேட்டிருந்தார். இறந்துவிட்டான் என்று நானே என் கையால் பதில் எழுதினேன். அவர் மன்னிப்புக் கேட்டார்.

பிறகு ஜூனிப்பர் உங்களிடம் வந்திருக்கிறாள். தனக்கு டிக்கெட் கொடுத்தவனின் கடைசி நேரம் என்று அந்தப் பதிவைப் பலமுறை கேட்டிருக்கிறாள். மைக்குக்கு நேர் கீழே, அவ்வளவு மெல்லிய இடத்தில், தான் கேட்ட கேள்வி அதில் இல்லையே என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. கெட்டிக்காரிதான். எங்கள் ஆட்களுக்குத்தான் அது தோன்றும்.

ஆமாம் மேடம், வெட்டினேன். அவள் கேள்வி ஒன்று, அவன் கூப்பிட்டது மூன்று. முதலில் மச்சான் என்றான். அடுத்தது ஜூஸ் என்று நினைக்கிறேன், நாக்கு குழறியிருந்தது. கடைசியில் என் பெயர், அர்மான் என்று. அது என் விரல்களுக்கு இடையில் வந்தது. அவன் செத்துக்கொண்டிருக்கிறான் என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் கையை எடுக்கவில்லை. வெட்டாத அசலை இந்தத் தாள்களோடு கொடுக்கிறேன். இங்கே வருவதற்கு முன்னால் அதை ஒரு தடவை முழுதாகப் போட்டுக் கேட்டேன். மூன்று இடத்திலும் கிதார் அவன் குரலுக்கு மேலேதான் நிற்கிறது. எதுவும் கெடவில்லை. வெட்டாமலேயே விட்டிருக்கலாம்.