சுஷ்மாவின் முகவரி போன வழி

பெயர் மாரிசெல்வி, தகப்பனார் பெயர் இசக்கிப்பாண்டி, வயது பதினேழு, இருப்பு தாராவி தொண்ணூறு அடி சாலை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தேன். எதிரில் நின்று பேச எனக்கு வராததால், சப்-இன்ஸ்பெக்டர் மேடத்தின் அனுமதியுடன், என் தாயார் முப்பிடாதியம்மாள் உடனிருக்க, என் கையாலேயே எழுதித் தருகிறேன்.

செம்பூரில், கணவரிடம் அடிபட்டு வரும் பெண்களுக்கு உதவும் அலுவலகத்தில் ஒன்றரை வருடமாகக் கம்ப்யூட்டர் வேலை செய்கிறேன். வருகிறவர்களின் பதிவுகளை வைத்திருக்கும் வெப் அப்ளிகேஷனை முன்பு அங்கே வேலை செய்த மாட்டுங்கா பத்மஜா பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினார். அவர் வேலையை விட்டுப் போன பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்து வரவேண்டிய நாளை அது வியாழன்தோறும் காலை பத்து மணிக்குத் தானாகவே செய்தியாக அனுப்பும். பெண்கள் தரும் போன் எண் பெரும்பாலும் கணவருடையது என்பதால், செய்தியில் தையல் வகுப்பு என்றுதான் இருக்கும்.

அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஃபங்ஷன் என்று தனித்தனிப் பகுதி உண்டு; ஒரு பெண்ணின் பதிவை எடுப்பது ஒரு ஃபங்ஷன், செய்தியை எழுதி அனுப்புவது இன்னொரு ஃபங்ஷன். பெயர், தேதி, நேரம் மூன்றை மட்டும் முதலாவது இரண்டாவதிடம் கொடுக்கும்படி பத்மஜா எழுதியிருந்தார். புதிதாக எதையாவது சேர்க்கும்போதெல்லாம் இரண்டு இடத்தில் திருத்த வேண்டியிருந்ததால், போன மாதம் நான் அதை மாற்றி, முழுப் பதிவையும் அப்படியே கொடுத்து, அதில் நிரம்பியிருப்பதை எல்லாம் வரிவரியாக எழுதும்படி செய்தேன். அப்போது பதிவில் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை. சோதித்தேன், சரியாக இருந்தது.

அதன் பிறகு சென்ற செவ்வாய்க்கிழமை, உடன் வேலை செய்யும் நஜ்முன்னிசா என்னிடம், "செல்வி, புது அட்ரஸ் எழுத ஒரு கானா போட்டுக் குடும்மா, வக்கீல் கேக்கறாங்க" என்றார். முகவரி எழுதப் பதிவில் ஒரு புதுக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். எங்களிடம் உதவிக்கு வந்தவர்களில், கணவர் வீட்டை விட்டு வெளியேறி காட்கோபரில் தோழியின் அறையில் இருந்த சுஷ்மாவின் முகவரியை நஜ்முன்னிசா அதில் எழுதினார். சுஷ்மாவிடம் வேறு போன் இல்லாததால் கணவருடைய பழைய எண்ணே பதிவில் இருந்தது. வியாழக்கிழமை செய்தி போனது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை மாலை சுஷ்மாவின் கணவர் அந்த அறைக்குப் போய் சுஷ்மாவின் வலது கையை முறித்துவிட்டு, போனுடன் தலைமறைவானார். எங்கள் அலுவலகத்தில் முகவரியை வாங்கி எழுதியவர் நஜ்முன்னிசா என்பதால், அவர்தான் கணவரிடம் சொல்லியிருப்பார் என்று நேற்று அவரை இங்கே அழைத்து வந்தீர்கள்.

இன்று காலை, அனுப்பிய செய்திகளின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். சுஷ்மாவின் செய்தியில் தையல் வகுப்பு, திங்கள், பதினொரு மணி என்பதற்குக் கீழே காட்கோபர் முகவரி அறை எண்ணுடன் இருந்தது. அலுவலகச் செயலாளர் திருவேங்கடத்தை வரவழைத்துக் காட்டினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "அந்த லிஸ்டை அழிச்சுடும்மா. வெளில தெரிஞ்சா ஆபீஸை இழுத்து மூடிடுவா. அப்புறம் இத்தனை பொம்மனாட்டிகளும் எங்க போவா? நீ கொழந்தே, ஒண்ணும் தெரியாதுன்னு இருந்துடு" என்றார். அவர் போன பிறகு இரண்டு பிரதி எடுத்தேன், தானாகச் செய்தி போவதை நிறுத்தினேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் தாயார், "ஒன்னியப் புடிச்சி வச்சிட்டாவன்னா நான் யாருகிட்டட்டி போயிக் கேப்பேன்" என்றார். பிறகு, "புடிச்சி வச்சிருக்க அந்தப் புள்ளைக்கும் தாய் இருப்பால்லா" என்று சொல்லிச் செருப்பை மாட்டினார். இருவரும் நடந்தே வந்தோம்.

நஜ்முன்னிசா முகவரியை யாரிடமும் சொல்லவில்லை. அது நான் மாற்றி எழுதியதால் போனது. மாற்றச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

பட்டியலின் பிரதியை இணைத்துள்ளேன். அதே வியாழக்கிழமை இன்னும் மூன்று பெண்களின் புது முகவரியும் இதே போல் போயிருக்கிறது. அவர்களின் பெயருக்கு நேரே பேனாவால் கோடிட்டிருக்கிறேன். அதில் உள்ள எண்கள் அவர்கள் கணவர்களுடையவை. அந்த எண்களில் கூப்பிடாமல், என்னை விசாரிப்பதற்கு முன்பாக அந்த மூன்று இடங்களுக்கும் ஆள் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளவை நான் செய்ததும் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதுமே. யாரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை. எழுதியதைத் தாயாருக்குப் படித்துக் காட்டிய பின், அனைத்தும் உண்மை என்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) இ. மாரிசெல்வி
உடனிருந்த தாயார் முப்பிடாதியம்மாள், இடது பெருவிரல் ரேகை