சுவத்துக்கு வந்த தோல் வியாதி

...அதான் சொல்றேன் மேஸ்திரி, இந்தக் காலத்துல பெயிண்டருங்களை நம்பவே கூடாது. உங்களைச் சொல்லல. நீங்க இன்னும் வேலையே ஆரம்பிக்கலயே.

மொதல்ல வந்தவன் இருக்கானே, காதுல பென்சில் சொருகிட்டு... அந்தப் பென்சிலைப் பார்த்துதான் நான் ஏமாந்தேன். புதுப் பூச்சு, வழவழன்னு சுவரு. பட்டி பார்த்தான், உப்புத்தாள் போட்டான், ப்ரைமர், ரெண்டு கோட்டு பெயிண்ட். எட்டாம் நாள் பார்த்தா சுவரு பூரா கொப்புளம். ஒண்ணைக் குத்துனேன், தண்ணி வருது. பெயிண்டுல எவ்வளவு தண்ணி கலந்திருப்பான் பாருங்க.

ரெண்டாவது ஆளு மரியாதையானவரு. வந்ததும் சுவத்துல கன்னத்தை வச்சுப் பார்த்துட்டு, "ஜில்லுன்னு இருக்கு, ஒரு மாசம் கழிச்சு வரேன்"னாரு. வீடு ஜில்லுன்னு இருக்கணும்னுதானே ஊரே ஏசி வாங்குது? விடுவேனா, புடிச்சு நிறுத்தி அடிக்க வச்சேன். இந்தத் தடவை கொப்புளம்கூட இல்ல. நேரா தோலு. வாழைப்பழம் உரிக்கற மாதிரி கையோட வந்துச்சு.

தூசிக்குப் பயந்து தங்கச்சி வீட்டுக்குப் போன என் வீட்டுக்காரி, மூணு மாசமா அங்கயே இருக்கா. என்னை 'இன்ஜினியர்'னுதான் கூப்பிடுவா. ரொம்ப நாளு பாசம்னு நெனச்சுட்டு இருந்தேன். நேத்து போன்ல சொல்றா, "ஞாயித்துக்கிழமை வரேன். சுவரு நல்லா இருந்தா பெட்டியை இறக்குவேன், இல்லன்னா அதே வண்டியில திரும்பிடுவேன்"னு. நீங்கதான் மேஸ்திரி காப்பாத்தணும்.

ஆமா, நேத்து ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவத்துல ஒட்டிட்டுப் போனீங்களே, அது எதுக்கு? காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி... அட, உள்பக்கம் முத்து முத்தா வேர்த்திருக்கே. சுவருக்குக்கூட வேர்க்குமா?

என்ன கேட்டீங்க? தண்ணியா? நல்லாக் கேட்டீங்க, அந்த விஷயத்துல நான் ஒரு குறையும் வைக்கல. கொத்தனாரு பூசி முடிச்சுட்டு, "ஏழு நாளு தண்ணி காட்டுங்க, அப்புறம் நல்லாக் காய விடுங்க"ன்னு சொன்னாரு. கூலிக்கு வர்றவரு, ஏழு நாளுதான் சொல்லுவாரு. நம்ம வீடு, நாமதானே பார்க்கணும்? நான் முப்பது நாளு தண்ணி விட்டேன்.

அப்புறமா? அப்புறம் பெயிண்ட் உரிஞ்சுதா... நம்ம உதடு எப்ப உரியுது? வறண்டு போனா. அதே கணக்குதானே சுவத்துக்கும்? உரிஞ்ச எடத்தையெல்லாம் சுரண்டிட்டு மறுபடி தண்ணி காட்டினேன். காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. எப்ப நிறுத்தினேனா? நிறுத்தவே இல்லையே. இன்னிக்குக் காலைலகூட, நீங்க வரீங்களேன்னு கொஞ்சம் தாராளமாவே...

ஏன் மேஸ்திரி தலையில கை வச்சுட்டீங்க? ஜன்னலையெல்லாம் ஏன் தொறக்கறீங்க, தூசி வருமே. ஒரு மாசமா? ஒரு மாசம் யாரும் தொடக் கூடாதா? அப்ப ஞாயித்துக்கிழமை அவ வாசல்ல வந்து நின்னா நான் என்னன்னு சொல்ல?

...சரி, போயிட்டு வாங்க. வாளியை எடுத்துக்கங்க, ஏணியை எடுத்துக்கங்க, ரெண்டும் உங்களோடது.

மேஸ்திரி... மேஸ்திரி, அது என் தண்ணி டியூப்பு. அதை ஏன் சுருட்டறீங்க?