மாடிப்படிக் கைப்பிடி

இந்த மேசையின் ஒரு கால் குட்டை. நீங்கள் எழுதும்போதெல்லாம் என் கோப்பையில் தேநீர் தளும்புகிறது. ஓர் அட்டைத் துண்டை நான்காக மடித்து அடியில் செருகினால் போதும், ஒரு நிமிட வேலை. உங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றால் பேசி முடித்ததும் நானே செருகிவிட்டுப் போகிறேன். அரைகுறையாக எதுவும் கண்ணில் பட்டால் என்னால் உட்கார முடியாது. அது என் பிறவிக் குணம். என் கணவர் மெல்வினுக்கு அதற்கு நேர்மாறான குணம்.

ஓட்லியில் அந்த இரட்டை வீட்டின் இடது பாதியை நாங்கள் வாங்கி முப்பத்தொரு வருடம் ஆகிறது. வாங்கிய வாரமே மெல்வின் சமையலறைச் சுவரில் ஓடு பதிக்கத் தொடங்கினார். குளிர்பெட்டி வரைக்கும் பதித்தார். அதற்குப் பின்னால் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று நிறுத்திவிட்டார். பிறகு குளிர்பெட்டியை இடம் மாற்றினோம். அந்த வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டே நான் இருபத்தெட்டு வருடம் முட்டை வேகவைத்திருக்கிறேன்.

கெட்ட மனிதர் என்று எழுதிவிடாதீர்கள். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஆரம்ப சூரர், அவ்வளவுதான். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஓட்டை போட்டார், தாழ்ப்பாள் வரவில்லை. உள்ளே இருப்பவர் பாட்டுப் பாட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது. என் மகள் ஜெம்மா கல்யாணமாகிப் போகும்வரை பாடினாள். விருந்துக்கு வந்தவர்களும் பாடினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். ஊரில் பாதி ஜன்னல்களில் தொங்குவது என் கை வேலை. என் கத்தரிக்கோல் ஒரு நூல் கோணாது. அப்படிப்பட்டவள் அந்த வீட்டில் இருந்தேன் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

எட்டு வருடத்துக்கு முன் மெல்வின் மாடிப்படியின் பழைய கைப்பிடியைப் பிடுங்கிப் போட்டார். ஓக் மரத்தில் புதிதாகச் செய்யப் போவதாகச் சொன்னார். மரம் வந்தது. அது காய வேண்டும் என்று கார் கொட்டகையில் போர்த்தி வைத்தார். படிகள் ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் வெறும் காற்றுமாக நின்றன. நாங்கள் சுவரோரமாக ஒட்டி ஏறப் பழகிக்கொண்டோம்.

ஃபின் பிறக்கும்வரை அது பழக்கம்தான். பிறந்த பிறகுதான் அது ஆபத்தாகிவிட்டது.

ஃபின் என் பேரன். நடக்கத் தொடங்கிய முதல் கிறிஸ்துமஸுக்கு அவனை லீட்ஸிலிருந்து கூட்டி வந்தார்கள். நான் கஸ்டர்ட் கிண்டிக்கொண்டிருந்தேன். திரும்பினால் அவன் ஆறாவது படியில், காற்றுப் பக்கமாக, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். ஜெம்மா எப்படி ஓடினாள் என்று தெரியவில்லை, சட்டையைப் பிடித்துவிட்டாள். அன்று மாலை கோட்டு மாட்டும்போதே சொன்னாள்.

"அம்மா, கைப்பிடி வர்ற வரைக்கும் இவன இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வர மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் அங்க வாங்க."

லீட்ஸுக்குப் போனோம். இரண்டு மணி நேரம், கழற்றிய செருப்பு, அளந்த கேக். அது பேரனைப் பார்ப்பது அல்ல, மருத்துவமனையில் நோயாளியைப் பார்ப்பது. மாடியில் சின்ன அறையில் அவனுக்கு ஒரு கட்டில் போட்டு, ரயில் படம் போட்ட திரைச்சீலை தைத்து மாட்டியிருந்தேன். மூன்று வருடம் அந்தத் தலையணையை வாரம் ஒருமுறை உதறிப் போட்டேன். எனக்கு அந்தக் குழந்தை என் வீட்டில் வேண்டும். காலையில் அவன் கட்டிலிலிருந்து என்னைக் கூப்பிட வேண்டும். இதைவிடப் பெரிதாக நான் எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

ஒரு தச்சரை வைத்துச் செய்யலாமே என்றேன். ஊரில் பாரக்ளோ என்று நல்ல தச்சர் இருக்கிறார். மெல்வினுக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்கள் பக்கத்து ஆண்கள் பிள்ளையைக்கூட அடுத்தவரிடம் தூக்கக் கொடுப்பார்கள், சுத்தியலைக் கொடுக்க மாட்டார்கள்.

"என் வீட்டு வேலைக்கு ஊரான் எதுக்கு, லோர்னா? ஆகஸ்ட் பேங்க் ஹாலிடேல உக்காந்து முடிச்சிடறேன். அப்புறம் பாத்துக்கலாம், விடு."

மூன்று ஆகஸ்ட் போயிற்று. அந்த மூன்று நீண்ட வார இறுதிகளிலும் அவர் பரணில் இருந்தார்.

பரணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கேதான் அவருடைய பொம்மை ரயில் ஓடியது. மலை, ஆடுகள், கல் சுவர், ஸ்டேஷன் மாஸ்டரின் கையில் அரிசி அளவுக்கு ஒரு கொடி. ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும், குகை வாசல் வரை போகும், நிற்கும். குகை இன்னும் தோண்டவில்லை. அவர் எஞ்சினைக் கையால் தூக்கித் திரும்ப ஸ்டேஷனில் வைப்பார். அதிலேயே அவருக்குச் சந்தோஷம். ஒருநாள் ஏணியில் நின்று அதை எட்டிப் பார்த்துவிட்டு நான் கீழே வந்து கை கழுவினேன். ஏன் கழுவினேன் என்று தெரியவில்லை.

பரணிலும் தரை பாதிதான். ரயில் இருக்கும் கோடியில் பலகை போட்டிருந்தார். ஏணி முடியும் வாசலிலிருந்து அதுவரை வெறும் குறுக்குக்கட்டைகள். கட்டைகளுக்கு நடுவே குளிருக்குப் போடும் பஞ்சு, பஞ்சுக்கு அடியில் மெல்லிய ஜிப்சம் பலகை, அதற்கும் அடியில் எங்கள் மாடிப்படி. விளக்குச் சுவிட்சும் ரயில் பக்கத்துக் கோடியில்தான். வாசலுக்கு இழுப்பது அப்புறம் பார்த்துக்கொள்ளும் வேலை. அதனால் முதல் மூன்று அடி இருட்டு. எந்தக் கட்டையில் கால் வைப்பது என்று தெரிய, இருட்டில் ஒளிரும் மஞ்சள் பட்டை மூன்றை ஒட்டியிருந்தார். பல்லால் கடித்துக் கிழித்தவை. ஓரம் ஓரமாகப் பிய்ந்து, மூன்றும் மூன்று திசை பார்த்துக்கொண்டிருந்தன. பல வருடமாக அந்தப் பட்டைகளைப் பார்த்தே அவர் கால் வைத்தார். வேறெதையும் பார்க்கவில்லை.

மே மாதம் ஒரு சனிக்கிழமை அவர் திருகாணி வாங்கக் கடைக்குப் போனார். நான் தூசி தட்டப் பரணுக்கு ஏறினேன். நடுப் பட்டையைச் சரிசெய்தேன். போன வாரம் உங்களிடம் சொன்னதும் இதுதான். சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

மறுநாள் ஞாயிறு. மாட்டிறைச்சி ரோஸ்ட், யார்க்‌ஷயர் புட்டிங். புட்டிங் நன்றாக உப்பியிருந்தது, குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு மேலே போனார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் கூரையைத் துளைத்துக்கொண்டு படியின் விளிம்பில் விழுந்து, அங்கிருந்து கூடத்துக்கு விழுந்தார். கைப்பிடி இருந்திருந்தால் எதையாவது பிடித்திருப்பார் என்று ஆம்புலன்ஸ்காரர் சொன்னார். அதை நானும் எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பாரக்ளோ. பின்னால் போர்வையில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. அவர் செய்தியே கேள்விப்படவில்லை.

"மெல்வின் இருக்காரா? உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னாரு. இன்னிக்கு உங்க நாப்பதாவது கல்யாண நாளாமே. பேரன் வரணும்னு நீங்க ஏங்குறீங்களாம். 'எனக்கு முடிக்க வராதுப்பா, நீ முடிச்சுக் குடு, நான் செஞ்சதா சொல்லிக்கிறேன்'னு சொல்லிச் சிரிச்சாரு."

ஓக் மரம் பிப்ரவரியிலேயே அவரிடம் போயிருக்கிறது. கார் கொட்டகையில் போர்த்திக் கிடந்தது பழைய ஜன்னல் சட்டங்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். பாரக்ளோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு இன்னொரு நாள் வருவதாகச் சொன்னார். வேண்டாம், வந்ததை முடித்துவிட்டுப் போங்கள் என்றேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. தேநீர் கொடுத்தேன். அருமையான வேலை, ஒரு இணைப்புகூடக் கண்ணுக்குத் தெரியாது.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். நான் எட்டு வருடம் பொறுத்தேன். அவர் ரகசியமாக வைத்துக்கொண்டதால் தவறிப்போன நாலு நாளுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இது அவர் மேல் எனக்கு இன்னும் இருக்கும் கோபம்.

அதன் பிறகு என் கை நிற்கவில்லை. சமையலறைச் சுவரில் மீதி ஓடுகளைப் பதித்தேன். குளியலறைக்குத் தாழ்ப்பாள் போட்டேன். கூரை ஓட்டையைப் பூசவைத்து வெள்ளையடித்தேன். அதிகாலையில் எழுந்து கைப்பிடிக்கு எண்ணெய் தேய்ப்பேன். காய்வதற்குள் மறுபடி தேய்ப்பேன். பக்கத்து வீட்டு பிக்கர்ஸ் அம்மாள் எலுமிச்சை கேக்கோடு வந்து, துக்கம் சிலரை இப்படித்தான் ஆட்டிவைக்கும் என்றார். இரண்டு வாரத்தில் வீடு முடிந்துவிட்டது. முடிந்த வீட்டில் உட்கார முயன்றேன். ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தேன்.

ஜெம்மாவை அழைத்துக் கைப்பிடி வந்துவிட்டது என்றேன். அவள் வந்தாள், தனியாக. ஃபினுக்குத் தாத்தாவின் எஞ்சின் வேண்டுமாம். டார்ச்சோடு பரணுக்கு ஏறினாள். நேரமாயிற்று. இறங்கி வந்து, எஞ்சினை மடியில் வைத்துக்கொண்டு கடைசிப் படியில் உட்கார்ந்தாள். கைப்பிடியைத் தொடவில்லை.

"அம்மா, மேல நடுவுல இருக்கிற மஞ்சள் பட்டை. அத யாரு ஒட்டினது?"

அப்பாதான் என்றேன்.

"மத்த ரெண்டும் அப்பா ஒட்டினது. இது கத்தரிக்கோலால வெட்டி, கட்டைக்கு நேரா ஒட்டியிருக்கு. அப்பா வாழ்க்கையில ஒரு கோடு நேரா போட்டதில்லம்மா."

நான் வைத்த தேநீரை அவள் குடிக்கவில்லை. அப்படியே போய்விட்டாள். மறுநாள் காவல் நிலையத்திலிருந்து நீங்கள் வந்தீர்கள்.

சரி. இப்போது முழுதாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பாதியில் விட எனக்குப் பிடிக்காது. அந்தச் சனிக்கிழமை நடுப் பட்டையைக் கட்டையிலிருந்து உரித்தேன். கட்டையின் அகலத்துக்கு ஓர் அட்டையை வெட்டி, பட்டையை அதில் ஒட்டி, ஒரு சாண் தள்ளிப் பஞ்சின் மேல் வைத்தேன். முதலில் கொஞ்சம் அசைந்தது. அடியில் பஞ்சைத் திணித்து மட்டமாக்கினேன். ஏணியில் நின்று டார்ச்சை அணைத்துப் பார்த்தேன். மூன்றும் அழகாக ஒளிர்ந்தன.

விழுந்ததும் அவர் இறக்கவில்லை. கண் திறந்திருந்தது. கூடம் முழுக்கச் சுண்ணாம்புத் தூள், பஞ்சு. ஆட்கள் வந்தால் வழுக்கும். நான் துடைப்பம் எடுத்துப் பெருக்கினேன். அட்டையையும் எடுத்து அடுப்பில் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"லோர்னா... அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். போன் பண்ணு."

ஒரு வேலையை எடுத்தால் முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்று அவருக்குச் சொன்னேன். நாற்பது வருடமாகச் சொல்லி வந்ததுதான். மேலே ஏறி, சுருளிலிருந்து புதுப் பட்டை வெட்டி, கட்டையில் பழைய இடத்திலேயே ஒட்டினேன். அவசரத்தில்கூட எனக்குக் கோணலாக ஒட்ட வரவில்லை. இறங்கி வந்தேன். கெட்டில் போட்டேன், தேநீர் நான்கு நிமிடம் ஊறியது. அதற்குப் பிறகு தொலைபேசியை எடுத்தேன். அப்போது அவர் கேட்பதை நிறுத்தியிருந்தார்.

அவர் பாதி போட்ட பரண் தரை, அவர் பிடுங்கிய கைப்பிடி, அவர் இழுக்காத விளக்கு. மூன்று பாதி வேலைகள். நான் செய்தது அவற்றை ஒன்றுசேர்த்து முடித்தது மட்டுமே.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? உங்கள் தாளில் இந்தக் கோடு லேசாகச் சரிந்திருக்கிறது, பரவாயில்லை. அந்த அட்டையைக் கொடுங்கள், மேசைக்கு அடியில் வைக்கிறேன். இப்போது பாருங்கள், ஆடவில்லை.

ஒரே ஒரு உதவி. ஜெம்மா என் அழைப்பை எடுப்பதில்லை. நீங்கள் சொன்னால் கேட்பாள். மாடியில் கட்டில் தயாராக இருக்கிறது, துவைத்த விரிப்பு போட்டிருக்கிறேன். இனி ஃபினைக் கூட்டி வரலாம் என்று சொல்லுங்கள். வீட்டில் இப்போது குழந்தைக்கு ஆபத்தானது எதுவும் இல்லை.