வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

நாவற்குழிப் பாலத்துக்கு இன்னும் கொஞ்சத் தூரம். மழை. முன்னுக்கும் சனம், பின்னுக்கும் சனம். நடுவில் நாங்கள் நான்கு பேர். பலாலி இராணுவ முகாம் பக்கம் 'டப்' என்று ஒரு குத்துச் சத்தம். பிறகு ஷெல் தலைக்கு மேலே கூவிக்கொண்டு போகிறது. எங்கோ தென்னைகளுக்குள் வெடிக்கிறது. நான் சேற்றில் கிடக்கிறேன். ஒரு கையில் சின்னவள் தேவி. மூன்று வயது. மறு கையில் சோற்றுப் பானை.

"பானையை விடு! பிள்ளையைப் பிடி!" என் கணவர் நடராசா கத்துகிறார்.

நான் இரண்டையும் விடவில்லை. பானையை விட்டிருந்தால் பிள்ளைகளுக்கு அன்று பட்டினி. மூத்தவள் வதனி சைக்கிளுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்தாள். எட்டு வயது. அழவில்லை. "அம்மா, சோறு கொட்டுண்டிட்டுதோ?" என்றுதான் கேட்டாள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. ஐப்பசி மழை. சுன்னாகத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வெங்காயம் நட்டிருந்தோம். இன்னும் கிண்டி எடுக்கவில்லை. வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன். என்னவோ நாளைக்கே திரும்பிப் போகிறவள் மாதிரி. எவ்வளவு மடைத்தனம்.

தென்மராட்சி. கொடிகாமத்துக்கு அங்கால் ஒரு பள்ளிக்கூடம். ஒரு வகுப்பறைக்குள் பல குடும்பங்கள். சேலை கட்டி மறைப்பு. கரும்பலகைக்குக் கீழே எங்கள் இடம். முற்றத்தில் பெரிய கிடாரம். பொதுச் சமையல். எல்லாருக்கும் ஒரே அகப்பை. அதே ஈ, அதே கை. ஒரேயொரு கிணறு, சுற்றிவரச் சேறு. கொஞ்ச நாளிலேயே வயிற்றோட்டம் தொடங்கியது. அடுத்த வகுப்பறையில் ஒரு கைக்குழந்தை செத்தது. அந்தத் தாய் குழறிய குரல் இன்றும் என் காதில் இருக்கிறது.

அன்றைக்கே முடிவெடுத்தேன். என் பிள்ளைகளுக்கு என் கைச் சமையல்தான். காய்ச்சி ஆறிய தண்ணீர்தான். செத்தாலும் மாற்றமில்லை.

கையில் காசில்லை. சமைக்கத் தெரியும். நிவாரண அரிசியில் கல் பொறுக்குவேன். தண்ணீர் தெளியும்வரை கழுவுவேன். வேலிக்கரை முருங்கையில் இலை ஒடிக்க அயலில் விட்டார்கள். தேங்காயில் ஒரு பாதி இன்றைக்கு, மறுபாதி உப்புத் தடவி நாளைக்கு. காய்ந்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா மலிவு, கூழ் காய்ச்சினால் வயிறு நிரம்பும். விறகுக்குப் பனைமட்டை. வடித்த கஞ்சியை ஒரு சொட்டும் ஊற்றமாட்டேன். உப்புப் போட்டுப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுப்பேன். சாப்பாட்டுக் கோப்பைகளைச் சாம்பல் போட்டு மினுக்கி, மேலே சுடுதண்ணீர் ஊற்றுவேன்.

கிடாரத்தில் அகப்பை பிடிப்பவர் மேரி அக்கா. குருநகர்க்காரி. எங்கள் வகுப்பறையில்தான் இருந்தார். கடலுக்குப் போன அவருடைய புருஷன் திரும்பி வரவில்லை. என் அடுப்பைப் பார்த்தாலே அவருக்கு வாய் சும்மா இராது.

"தங்கச்சி, உம்மடை பானையிலை என்ன தேவாமிர்தமே காய்ச்சுறீர்?"

"இல்லை அக்கா. புழு இல்லாத கஞ்சி."

"ஓம், ஓம். எங்கடை புழுவுக்கு உப்புப் புளியெல்லாம் அளவாய்த்தான் போட்டிருக்கு."

சிரித்துவிட்டேன். அங்கே நான் சிரித்தது குறைவு. என் பிள்ளைகளுக்கு ஒருநாளும் வயிறு போகவில்லை. எனக்கு அதில் பெருமை. மற்றத் தாய்மாரைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிற அளவுக்குப் பெருமை.

நல்ல தண்ணீர் தூரத்தில் இருந்தது. தென்னந்தோட்டத்துக்கு நடுவே ஒரு கட்டுக் கிணறு. நடராசா ஒவ்வொரு விடியலும் குடத்தோடு போவார். வெள்ளிக்கிழமை என்றால் வதனியும் கூடப் போவாள். எங்கள் வீட்டில் வெள்ளி சைவம். முழுகாமல் அடுப்பு மூட்டுவதில்லை. இடம்பெயர்ந்து வந்தபின் பாதிச் சனம் அதைக் கைவிட்டது. நாங்கள் விடவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோம், இதையுமா விடுவது? அவர்கள் இருவரும் கிணற்றடியிலேயே முழுகுவார்கள். நான் முழுகவும் சமைக்கவும் தண்ணீர் கொண்டு வருவார்கள். பிறகுதான் அடுப்பு.

தை மாதம். வெள்ளிக்கிழமை. பனி விலகுகிறது. நான் அடுப்புச் சாம்பலை அள்ளுகிறேன். தேவி என் சேலைத் தலைப்பைப் பிடித்திழுத்துப் பசிக்குது என்கிறாள். கிடாரத்தில் கஞ்சி கொதிக்கிறது. மணக்கிறது.

"பொறு பிள்ளை. அப்பா இப்ப வந்திடுவார்."

இரைச்சல். தாழ்வாக வருகிறது. பிறகு ஒரு சீறல்.

"பிளேன்! பங்கருக்குள்ளை ஓடுங்கோ!"

மேரி அக்கா அகப்பையை எறிந்துவிட்டுத் தேவியைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடுகிறார். நான் ஓடவில்லை. தென்னந்தோட்டப் பக்கம் பார்த்தபடி நிற்கிறேன். நிலம் ஒருமுறை தூக்கிப் போட்டது. திரும்பவும் போட்டது. பள்ளிக்கூட ஓடுகள் பொலபொலவென்று கொட்டின. பிறகு சத்தமே இல்லை.

ஐயோ, என் பிள்ளை. ஓடினேன். செருப்பில்லை. தென்னைகள் முறிந்து கிடந்தன. கிணற்றுக் கட்டில் பாதி இல்லை. நடராசா முகங்குப்புறக் கிடந்தார். வதனி அவருக்குக் கீழே. பிள்ளையை மூடிப் படுத்திருக்கிறார் மனிசன். இருவருக்கும் மூச்சில்லை. வதனியின் தலைமயிர் ஈரமாக இருந்தது. முழுகி முடித்துவிட்டாள். குடம் உடையாமல் நின்றது. நிறையத் தண்ணீர்.

அன்றைக்கு நான் அடுப்பு மூட்டவில்லை. பிறகும் பல நாள் மூட்டவில்லை. மேரி அக்காதான் தேவிக்குக் கிடாரத்துக் கஞ்சியைத் தீத்தினார். தேவிக்கு ஒன்றுமே வரவில்லை. எங்கள் வகுப்பறையில் கிடாரத்தில் சாப்பிட்ட சனமெல்லாம் பிழைத்தது. காய்ச்சி ஆறிய தண்ணீர் குடித்த என் வீடு பாதியானது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் கேட்டார்கள். "பிள்ளையை ஏன் உவ்வளவு தூரம் தண்ணிக்கு விட்டனீர்?" குண்டு போட்டவனை ஒருவரும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்கள். இன்றைக்கும் சொல்கிறேன், நான் பிழை செய்யவில்லை. பிள்ளைக்கு நல்ல தண்ணீர் தேடுவது தாயின் வேலை. கிணற்றடியில் குண்டு போடுவது யாருடைய வேலை? அதைக் கேளுங்கள். என் ஆத்திரம் அடங்கவில்லை. அடங்காது.

இப்போது நல்லூரில் தேவியோடு இருக்கிறேன். அவளுக்கும் பிள்ளைகள். சாமான் விலை ஏறிய நாளிலிருந்து அவளும் அளந்துதான் சமைக்கிறாள். குறைந்த செலவில் சுத்தமான வீட்டுச் சாப்பாடு செய்வது எப்படி என்று போனில் யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள். "அம்மா, வந்து பாருங்கோவன்" என்பாள். நான் எழும்பி வெளியே போய்விடுவேன். அவளுக்குத் தமக்கையின் முகம் ஞாபகமில்லை. தகப்பனின் முகமும் இல்லை.

இழந்ததைச் சொல்லிவைக்கிறேன். நீங்களாவது மறக்காதீர்கள். வீடு. திரும்பிப் போனபோது கூரையுமில்லை, கதவுமில்லை, நிலையுமில்லை. நட்டபடி விட்டுவந்த வெங்காயம். ஒரு சைக்கிள். கணவர் நடராசா. மகள் வதனி.

இன்னுமொன்று இருக்கிறது. குண்டு விழுந்ததற்கு முதல்நாள், வியாழன் பின்னேரம், ரொட்டி சுட்டேன். ஆளுக்கொன்று. வதனி தின்று முடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினாள். தகரப் பேணியில் மா இருந்தது. இருந்ததுதான். நாளைக்கு வேண்டுமே என்று மூடினேன்.

"இண்டைக்குக் காணும் பிள்ளை. நாளைக்குக் கூடத் தாறன்."

"ஓம் அம்மா" என்றாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தாள்.